உப்பைப் பற்றி ஏன் பேசினேன் – கடிதம்

அன்புள்ள அக்கா,

சேலத்தில் எங்கள் கல்லூரிக்கு நீங்கள் வந்தபோது உங்கள் பேச்சைக் கேட்டேன். புத்தகம் வாங்கி, வரிசையில் நின்று கையெழுத்தும் வாங்கினேன். ஒரு கேள்வி கேட்க வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற பிள்ளைகள் நெருக்கித் தள்ளிவிட்டார்கள். அதனால் இந்தக் கடிதம்.

மறைக்காமல் சொல்கிறேன், பேச்சு எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இரவு பகலாக நெடுந்தூர ஓட்டங்கள் ஓடுகிறவர், மனசைத் தொடுகிற மாதிரி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தோம். நீங்கள் உப்பு, கால் நகம், கழிப்பறை என்றே நேரத்தை முடித்துவிட்டீர்கள். "பிள்ளைகளுக்கு ஊக்கமாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று துறையிலும் பேசிக்கொண்டார்கள். ஏன் சொல்லவில்லை?

நானும் ஓடுகிறவள்தான். வயது 41. காந்தி ஸ்டேடியத்தில் நடையாகத் தொடங்கி, இப்போது நிற்காமல் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேன். ஏற்காட்டுக்கு ஓடியே ஏற வேண்டும் என்று ஆசை. முயன்றும் பார்த்தேன். நாலாவது கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் மூச்சு வாங்கி, நெஞ்சு படபடத்து, பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தித் திரும்பிவிட்டேன். எனக்கு மன உறுதி போதவில்லை என்று தோன்றுகிறது. வீட்டில் அவர் சிரிக்கிறார்.

இன்னொன்று. இப்படி ஊர் ஊராகப் பேசவும் கையெழுத்துப் போடவும் போய்க்கொண்டிருந்தால் நீங்கள் எப்போதுதான் ஓடுகிறீர்கள்?

பெயர் போட வேண்டாம். கூட வேலை பார்ப்பவர்கள் படிப்பார்கள்.

ஒரு வாசகி,
சேலம்

*

அன்புள்ள தோழிக்கு,

நாலாவது வளைவில் மூச்சு வாங்கியதற்கு மன உறுதி போதாததுதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தீர்களா?

கிண்டலாகக் கேட்கவில்லை. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. படித்தவர், வேலைக்குப் போகிறவர், தினமும் ஓடுகிறவர் எல்லோரும் அதில் அடக்கம். சமதளத்தில் மெதுவாகப் பத்து கிலோமீட்டர் ஓடும்போது இருக்கிற ஹீமோகுளோபினை வைத்து உடம்பு சமாளித்துவிடும். ஏற்றத்தில் தசைகள் கேட்கிற ஆக்சிஜன் சட்டென்று கூடும். நுரையீரல் நிறைய இழுத்தாலும் ரத்தத்தால் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. சரக்கு குவிந்து கிடக்கிறது, லாரி போதவில்லை, அவ்வளவுதான். நீங்கள் எழுதிய அறிகுறிகள் அதற்கு அப்படியே பொருந்துகின்றன. பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று கணக்கு. ஹீமோகுளோபினோடு, இரும்பின் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது சரியாக இருந்து, உடம்பில் இரும்பின் சேமிப்பு மட்டும் தீர்ந்துபோயிருக்கிற பெண்கள் நிறைய. ஓடுகிற பெண்களில் இன்னும் அதிகம். நெஞ்சு படபடத்தது என்று எழுதியிருப்பதால் ஒரு ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். மருத்துவர் சொல்லாமல் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். ஆனால் சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். அவை இரும்பு உடம்பில் சேருவதைத் தடுக்கும்.

ஒருவேளை ரத்தம் நன்றாகவே இருக்கலாம். அப்படியானால் காரணம் இன்னும் சாதாரணமானது: அடிவாரத்தில் வேகமாகக் கிளம்பியிருப்பீர்கள். மைதானத்தில் ஓடிப் பழகிய கால் மலையிலும் அதே வேகத்தில்தான் ஓடப் பார்க்கும். எப்படிப் பார்த்தாலும் மன உறுதிக்கு இதில் வேலையே இல்லை.

உங்கள் முதல் கேள்விக்குப் பதிலும் இதுவேதான்.

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் போனில் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "மேடம், பசங்களுக்கு மோட்டிவேஷனா இருக்கணும்." அவர்கள் கேட்கிற பேச்சு எனக்கும் தெரியும். பாதி வழியில் விழுந்தேன், அழுதேன், அம்மா முகம் ஞாபகம் வந்தது, எழுந்தேன், கோட்டைத் தொட்டேன். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் எந்த இடத்தில் கைதட்டு வரும் என்பது கொஞ்ச நாள் மேடை ஏறியவருக்கு அத்துப்படி. மறுநாள் காலையில் என்ன நடக்கும்? பேச்சைக் கேட்டுச் சூடேறிய ஒரு பையன் ஓடக் கிளம்புவான். இரண்டு கிலோமீட்டரில் விலா பிடித்துக்கொள்ளும். மேடையில் அந்தம்மா மனசு வைத்தால் எதுவும் முடியும் என்றார், என்னால் முடியவில்லை, அப்படியானால் என் மனசு சரியில்லை. அவன் இப்படித்தான் கூட்டிக் கழிப்பான். மெதுவாக ஓடு, பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் உன் வேகம் என்று யாராவது சொல்லியிருந்தால் நாலு மாதத்தில் ஓட்டக்காரன் ஆகியிருப்பான். நாற்பத்தொரு வயதில், நிற்காமல் பத்து கிலோமீட்டர் ஓடுகிற நீங்களே உங்களை அப்படி நினைத்துக்கொள்கிறீர்கள். பத்தொன்பது வயதுப் பையனைக் குறை சொல்ல முடியுமா?

உப்புக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதும் வேண்டுமென்றேதான். "தாகம் எடுப்பதற்கு முன்பே குடி, குடித்துக்கொண்டே இரு" என்று ஓடுகிறவர்களுக்கு வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு, உப்பில் இருக்கிற சோடியம் ரத்தத்தில் குறைந்திருந்தது. ஓடும்போது எடை குறையத்தான் வேண்டும். தண்ணீரைக் குடித்துக் குடித்து எடை கூடியவர்களிடம்தான் இது அதிகம். முற்றிப்போனால் மூளை வீங்கி உயிரே போகலாம். சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்கிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். சேலத்து வெயிலில், பாட்டிலைப் பிடித்துக்கொண்டே ஓடிப் பழகும் பிள்ளைகளிடம் தாகத்துக்கு மட்டும் குடி, நீண்ட நேரம் ஓடினால் உப்புப் போட்ட மோரும் இருக்கட்டும் என்று சொல்வது எனக்கு அவசரமாகப் பட்டது.

உங்களைத் தள்ளிவிட்ட அந்த வரிசையில் ஒரு பெண் வந்தாள், கவனித்தீர்களா தெரியவில்லை. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, செருப்பிலிருந்து வலது காலை வெளியே எடுத்துக் காட்டினாள். கட்டைவிரல் நகம் கருநீலம். ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் சிவப்பு நெயில் பாலிஷ். "பிடுங்கிடலாமா மேடம்?" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். பிடுங்காதே, தானாக விழும். தூக்கிய பாகத்தை மட்டும் வெட்டி பிளாஸ்திரி ஒட்டு. அடுத்த ஷூ வாங்கும்போது முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்கு. இறக்கத்தில் ஓடும்போது கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டு என்றேன். பாலிஷ் இருக்கலாமா என்றாள். இருக்கட்டுமே என்றேன். நகம் கறுக்கும் வரை ஓடிவிட்ட பிள்ளைக்கு ஊக்கம் ஒரு குறையா?

புத்தகத்தில் கையெழுத்தோடு "ஊக்கமா ஒரு வரி" எழுதச் சொல்கிறவர்களுக்கு "மெதுவாக ஓடவும்" என்றுதான் எழுதித் தருகிறேன். சிலர் முகம் வாடிவிடுகிறது.

இனி, எப்போது ஓடுகிறேன் என்ற கேள்வி. சுற்றுப்பயணத்தில் குறைவாகத்தான் ஓடுகிறேன். அதில் பெரிய நஷ்டமும் இல்லை. ஒரு உடல்தகுதியைக் கட்டி எழுப்ப ஆகும் உழைப்பை விடக் கட்டியதைக் காப்பாற்ற ஆகும் உழைப்பு குறைவு. ஓடும் நாட்களைக் குறைத்துக்கொண்டாலும், அவற்றில் சிலவற்றில் நன்றாக மூச்சு வாங்க ஓடிவிட்டால் சில வாரங்களுக்குப் பெரிதாக எதுவும் குறையாது. கஷ்டம் வேறு இடத்தில். தூக்கம்தான் முதல் பலி. ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே சேலத்தில் இறக்கிவிட்டுவிடும், லாட்ஜ் அறை மதியம்தான் கிடைக்கும், மாலையில் கூட்டம், இரவு மறுபடி பஸ். கால் வீங்கிக் கிடக்கும். மேடையில் போர்த்துகிற பொன்னாடைகளைச் சுருட்டிக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்துத்தான் படுக்கிறேன். இதுவரை அவற்றுக்கு வேறு உபயோகம் தெரியவில்லை. பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்கத் தயங்கியிருப்பீர்கள். ஓட்டத்தில் எனக்கு வரவு கிடையாது, செலவுதான். புத்தகமும் பேச்சும்தான் ஷூவுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் வழி செய்கின்றன. பொன்னாடையோடு கவரும் கொடுப்பவர்களுக்கு நன்றி. உங்கள் கல்லூரிப் பிள்ளைகள் வாங்கி வந்த தட்டுவடை செட்டுக்குத் தனி நன்றி. ஓடிவிட்டு வந்து சாப்பிட அதைவிடச் சரியான உப்புக் காரப் பண்டம் எனக்குத் தெரியாது.

கூட்டத்துக்கு மறுநாள் காலையில் நானும் கோரிமேடு வழியாக அடிவாரம் போய்க் கொஞ்ச தூரம் ஏறிவிட்டு வந்தேன். சாலை அதற்கென்றே போட்டது போல இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள், அடிவாரத்திலிருந்து ஊருக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், அதற்குள் நாம் செங்குத்தாக ஏறுவது சுமார் ஒரு கிலோமீட்டர். உங்களுடைய மைதானத்துப் பத்து கிலோமீட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிலோமீட்டரை மறந்துவிட்டு மணிக்கணக்கில் யோசியுங்கள். மூன்று, மூன்றரை மணி நேரம் அசைந்துகொண்டே இருக்க உங்களால் முடியுமா? முதலில் அதைச் சமதளத்தில் நடந்தும் ஓடியும் பழகுங்கள். மலையில் சரிவு கூடுகிற இடத்தில் நடந்துவிடுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். பெரிய மலை ஓட்டங்களில் முன்னணியில் வருகிறவர்களே செங்குத்தான இடங்களில் தொடையில் கையை ஊன்றி நடக்கிறார்கள். அரை மணிக்கு ஒருதரம் பேரீச்சையோ கடலை மிட்டாயோ வாயில் போடுங்கள். கையில் வாழைப்பழம் வேண்டாம், அங்கே குரங்குகளுக்குத்தான் முன்னுரிமை. கழிப்பறையை அடிவாரத்துக்கு வருவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். இதைப் பேசியதற்குத்தான் உங்கள் துறையில் முகம் சுளித்தார்கள் என்று நினைக்கிறேன். தண்ணீரே குடிக்காமல் ஓடுகிற பெண்கள் எத்தனை பேர், ஏன் குடிப்பதில்லை என்று அவர்கள் ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் ஈரச் சட்டையை மாற்றிவிடுங்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும். வேர்வையோடு நின்றால் நடுங்கும்.

பெரிய ஆபத்து இறங்குவதில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் காம்ரேட்ஸ் என்று ஒரு ஓட்டம், 1921இல் தொடங்கியது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே சுமார் 90 கிலோமீட்டர். ஒரு வருடம் ஏற்றமாக ஓடினால் மறு வருடம் இறக்கமாக ஓடுவார்கள் என்பதுதான் பொதுவான முறை. இறக்கம் சுலபம் என்று வெளியாள் நினைப்பார். இரண்டையும் ஓடியவர்களோ தொடையைத் தின்பது இறக்கம்தான் என்பார்கள். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரத்தைத் தடுத்து நிறுத்தியபடியே நீள்கிறது. தசை நார் நுண்ணியதாகக் கிழிவது அப்போதுதான். வலி அன்றைக்கு வராது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவீர்கள். இதற்கு ஒரு நல்ல மருந்து உண்டு: சின்ன அளவில் ஒருமுறை இறங்கி ஓடினால் தசை அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு கிழிக்காது. ஆகவே முதலில் பஸ்ஸில் கொஞ்சம் மேலே போய் நாலைந்து வளைவுகள் மட்டும் மெல்ல ஓடி இறங்கிப் பாருங்கள். முழு மலை ஏறுகிற அன்றைக்குத் திரும்பி வருவது பஸ்ஸில். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வீட்டில் அவர் சிரிப்பது. இதே காம்ரேட்ஸில் 1923இல் ஃபிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண் பெயர் கொடுத்தார். பெண் என்பதால் சேர்க்கவில்லை. சேர்க்காவிட்டால் போகட்டும் என்று கூடவே ஓடி 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பெண்களை முறைப்படி அனுமதித்தது 1975இல்தான். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல், பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்ட அதே லாஸ் ஏஞ்சலஸில். இவ்வளவு காலமும் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.

சிரிப்பு எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. காலை ஐந்து மணிக்கு ஓடக் கிளம்பும் ஆண்கள் அநேகமாக எல்லோருக்கும் ஆறரைக்கு வீட்டில் காபி தயாராக இருக்கிறது. நீங்கள் ஓடப்போகும் அன்றைக்கு இட்லி ஊற்றுவது யார்? மேடையில் யாரும் கேட்காத கேள்வி இது. பெண்களின் பயிற்சி பெரும்பாலும் தடைப்படுவது இங்கேதான். அவரிடம் பாராட்டுக் கேட்காதீர்கள், சனிக்கிழமைக் காலைகளைக் கேளுங்கள். ஏறுகிற அன்றைக்கு ஸ்கூட்டரில் பின்னாலேயே வரச் சொல்லுங்கள். தண்ணீரும் மாற்றுச் சட்டையும் அவர் வண்டியில் இருக்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொண்டு வரட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், சுற்றுலாக் கார்கள் வளைவில் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். அதுவரை மலைப்பக்கம் போகாதீர்கள்.

அன்புடன்,
அக்கா