577464098 எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

எடை இயந்திரங்களிலிருந்து தரவு வாங்கும் ஒரு கிளாஸ் லைப்ரரியைப் பராமரிக்கிறேன். சி ஷார்ப் மொழி, அது ஓடும் தளம் டாட்நெட் 8. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் நான்கு பைட்டில் நீளம் வரும், அதையடுத்து ஜேசன் வடிவில் எழுத்தாகத் தரவு. ஆபீசில் ஒரே கணினியில் சிமுலேட்டரை வைத்து ஓட்டினால் ஒரு பிசகும் இல்லை. வாடிக்கையாளரின் கிடங்கில், 4ஜி மோடம் வழியாக வரும்போது ஜேசன் பாதியில் அறுந்துவிடுகிறது. சில சமயம் மெமரி போதவில்லை என்று புரோகிராமே விழுகிறது. லாகில் செய்தியின் நீளம் 577464098 என்று இருக்கிறது. ரீடுக்கு முன்னால் 200 மில்லிசெகண்ட் ஸ்லீப் போட்டதும் பெரும்பாலும் சரியானது. நெட்வொர்க்தான் மோசம் என்கிறார் மேலாளர். நோடிலே என்ற அமைப்பைப் போட்டு நேகலை (சின்னத் துண்டுகளைச் சேர்த்து அனுப்பும் டிசிபியின் வழக்கத்தை) அணைக்கச் சொல்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த எண்ணை லாகில் எழுதி வைத்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்தது. 577464098ஐ நான்கு பைட்டாகப் பிரித்துப் பாருங்கள்: 34, 107, 103, 34. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் இது இரட்டை மேற்கோள், கே, ஜி, மறுபடி இரட்டை மேற்கோள். உங்கள் ஜேசனில் எடையைச் சொல்லும் புலத்தின் பெயரையே நீளம் என்று படித்திருக்கிறது உங்கள் லைப்ரரி. பிறகு அந்த அளவுக்கு, அதாவது 57 கோடிக்கும் மேற்பட்ட பைட்டுக்கு, மெமரியில் ஒரு அர்ரே (தொடர் இடம்) கேட்டிருக்கிறது. புரோகிராம் 32 பிட்டாக ஓடுகிறது என்றால் விழுந்ததில் வியப்பில்லை.

நெட்வொர்க் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. இணைப்பில் தரவைக் கொண்டுசெல்லும் டிசிபி என்பது பைட்டுகளின் ஓட்டம். வரிசை மாறாமல் கொண்டுவந்து சேர்க்கும், ஆனால் உங்கள் செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் 5,000 பைட் கேட்டாலும் ரீட் அதுவரை வந்து சேர்ந்ததை மட்டும் கொடுத்துவிட்டு, எத்தனை கொடுத்தேன் என்று ஒரு எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண்ணை உங்கள் கோடு (நிரல்) பார்ப்பதில்லை என்பது என் ஊகம். 2,920 வந்ததும் செய்தி முடிந்தது என்று ஜேசனைப் பிரிக்கப் போகிறது. மிச்சம் 2,080 பைட் சாக்கெட்டிலேயே (இணைப்பின் உங்கள் பக்க முனையில்) கிடக்கிறது. அடுத்த ‘நீளம்’ அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

ஆபீசில் ஏன் வரவில்லை? லினக்ஸில் லூப்பேக்கின் (கணினி தனக்குத்தானே பேசும் வழியின்) எம்டியு, அதாவது ஒரு துண்டின் அதிகபட்ச அளவு, 65,536 பைட். உங்கள் செய்தி முழுசாக ஒரே துண்டில் போய்விடும். ஈதர்நெட்டில் எம்டியு 1,500. தலைப்புகளைக் கழித்தால் அதிகபட்சம் 1,460. 5,000 பைட் செய்தி நான்கு துண்டாகிறது, மோடம் வழியில் இடைவெளி விட்டு வந்து சேர்கிறது.

ஸ்லீப்பை முதலில் எடுங்கள். மற்ற துண்டுகளும் வந்து சேர நேரம் கொடுக்கிறது, அவ்வளவுதான். 200 போதாத நாளில் 500 ஆக்குவீர்கள், அப்புறம் 2,000. நோடிலேயும் இதற்கு மருந்தல்ல. அது அனுப்புகிறவர் சின்னத் துண்டுகளைச் சேர்த்து அனுப்பக் காத்திருக்கிறாரா என்பதை மாற்றும், வாங்குகிற பக்கம் எதையும் உறுதி செய்யாது.

திருத்தம் லைப்ரரிக்குள் ஓரிரு வரிதான். 2022இல் வந்த டாட்நெட் 7இலிருந்தே ஸ்ட்ரீம் கிளாஸில், கேட்ட அளவு முழுதும் வரும்வரை படிக்கும் ரீட்எக்ஸாக்ட்லி இருக்கிறது. நீளத்துக்கு நான்கு பைட், பிறகு அந்த நீளம், இரண்டையும் அதிலேயே படியுங்கள். நீளத்தைப் படிக்கும்போதும் துண்டாகலாம், நான்கு பைட்தானே என்று விட்டுவிட வேண்டாம். பழைய டாட்நெட்டுக்கும் லைப்ரரி ஓட வேண்டுமென்றால், கேட்ட அளவு சேரும்வரை ரீடைத் திரும்பத் திரும்ப அழைக்கும் சுழல் எழுதுங்கள், ரீட் பூஜ்யம் தந்தால் எதிர்ப்பக்கம் மூடிவிட்டது என்று வெளியே வாருங்கள். இந்தச் சோதனையை மறந்தால் சிபியு 100 சதவீதத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ரீடே முழுசாக நிரப்பித் தந்தால் என்ன என்று கேட்பீர்கள். 4,096 பைட் இடம் கொடுத்து, எதிர்ப்பக்கம் பத்தே பைட் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் டாட்நெட் 6இல் சுருக்கிய தரவைப் படிக்கும் ஜிஜிப்ஸ்ட்ரீமையும் மறையாக்கிய தரவைப் படிக்கும் கிரிப்டோஸ்ட்ரீமையும்கூட, இருப்பதைக் கொடுத்துவிடும் இந்த வழிக்கே மாற்றினார்கள். அதுவரை அவை இடத்தை நிரப்பித் தந்ததை நம்பியிருந்த கோடுகள் உடைந்தன. டாட்நெட் 9இல் இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்க கோடைச் சோதித்து எச்சரிக்கும் சிஏ2022 என்ற விதியே வந்துவிட்டது.

டெஸ்டுக்கு 4ஜி மோடம் வேண்டாம். எவ்வளவு கேட்டாலும் ஒரு பைட் மட்டும் தரும் ஸ்ட்ரீம் கிளாஸ் ஒன்று எழுதி, உங்கள் லைப்ரரிக்குக் கொடுங்கள். பழைய கோடு முதல் செய்தியிலேயே மாட்டிக்கொள்ளும். நீளத்துக்கு ஒரு உச்சவரம்பும் வையுங்கள். எடைக் கணக்குக்கு ஒரு எம்பி தாராளம்.

இன்னொன்று. எதிர்ப்பக்கம் மூன்று பைட் அனுப்பிவிட்டு உறைந்துபோனால் ரீட்எக்ஸாக்ட்லியும் காத்துக்கொண்டே இருக்கும். நெட்வொர்க் ஸ்ட்ரீமின் ரீட்டைம்அவுட் (ரீட் காத்திருக்கும் நேர வரம்பு) அசிங்க் ரீடுக்கு, அதாவது பின்னணியில் காத்திருக்கும் ரீடுக்குச் செல்லாது, ஆகவே அசிங்க் என்றால் நேரம் முடிந்ததும் ரீடை நிறுத்தச் சொல்லும் கேன்சலேஷன் டோக்கன் கொடுங்கள். நேரம் முடிந்து பாதியில் நின்றால் அந்த இணைப்பை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். அதிலேயே தொடர்ந்து படித்தால் மறுபடி ஒரு 57 கோடி வந்து நிற்கும்.