ஊருக்கு ஊர் ஸ்கீயில்: கோம்ஸ் பள்ளத்தாக்கு பற்றி வாசகர் கேள்விகள்

சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மாநிலத்தில், ரோன் ஆறு பிறந்து இறங்கிவரும் மேல்பள்ளத்தாக்குக்குக் கோம்ஸ் என்று பெயர். ஆற்றை அங்குள்ளவர்கள் ரோட்டன் என்கிறார்கள். குளிர்காலத்தில் அந்த ஆற்றங்கரையை ஒட்டி, ஓபர்வால்ட் முதல் நீடர்வால்ட் வரை ஊர்களைக் கோத்துக்கொண்டு போகிறது கிராஸ்-கன்ட்ரி ஸ்கீ தடம். ஸ்கீ என்ற நீண்ட பலகைகளைக் காலில் மாட்டி, பனிமேல் உதைத்துச் சறுக்கிப் போவதற்கான பாதை அது. அதில் போக விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர். ஒரு வாரம் ஸ்கீ பழகியிருக்கிறோம். முழுப் பள்ளத்தாக்கையும் ஒரே நாளில் கடக்க முடியுமா? எந்த முனையிலிருந்து கிளம்புவது?

மேலிருந்து கீழே வாருங்கள். ஓபர்வால்ட் ஏறக்குறைய 1,370 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நீடர்வால்ட் 1,250 மீட்டரில். சுமார் 20 கி.மீ. தூரத்துக்கு 120 மீட்டர் இறக்கம்தான். கண்ணுக்குத் தட்டையாகவே தெரியும். ஆனால் அந்த அளவு சரிவே புதியவருக்கு நாள் முழுக்கக் கைகொடுக்கும்.

ஒரு வாரம் பழகியவர் மணிக்கு 5 அல்லது 6 கி.மீ. போவார். நிற்பது, தண்ணீர் குடிப்பது, விழுந்து எழுவது எல்லாம் சேர்த்தால் 20 கி.மீ.க்கு ஐந்து மணி நேரம் ஒதுக்க வேண்டும். முதல் நாளே அவ்வளவு தூரம் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஓபர்வால்டிலிருந்து ஓபர்கெஸ்டெல்ன், உல்ரிஷென், கெஷினென் வழியாக மூன்ஸ்டர் வரை சுமார் 9 கி.மீ. வரும். பள்ளத்தாக்கு அகன்று, தடம் தட்டையாக இருக்கும் பகுதி இதுதான். மூன்ஸ்டரில் கால் தெம்பாக இருந்தால் ரெக்கிங்கென் வரை போங்கள். அதற்குக் கீழே போகப்போகப் பள்ளத்தாக்கு குறுகும், ஏற்ற இறக்கம் கூடும். களைத்த கால்களோடு அங்கே நுழைந்தால்தான் விழுவது அதிகமாகிறது.

இந்தப் பள்ளத்தாக்கின் பெரிய வசதி ரயில். மாட்டர்ஹார்ன் கோட்டார்ட் ரயில்பாதை தடத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. ஏறக்குறைய மணிக்கு ஒரு வண்டி. காலையில் ரயிலேறி ஓபர்வால்டுக்குப் போய், அங்கிருந்து நீங்கள் தங்கும் ஊரை நோக்கிச் சறுக்கி வருவதே நல்ல திட்டம். கடைசி ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை. ஒருவர் களைத்துப்போனால் அடுத்த ஊரில் அவரை ரயிலேற்றிவிடலாம். வண்டியில் ஏறுமுன் ஸ்கீயில் ஒட்டிய பனியைத் தட்டி, இரண்டையும் அடிப்பக்கம் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். சிறிய நிலையங்களில் வண்டியை நிறுத்தக் கோரும் பட்டன் இருந்தால் அழுத்த மறக்க வேண்டாம்.

எந்த ஊர் வந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிய ஒரு குறிப்பு: கோம்ஸ் ஊர்களில் பழைய வீடுகள் வெயிலில் கறுத்த லார்ச் மரத்தால் ஆனவை. ஓபர்கெஸ்டெல்னில் மட்டும் கல்வீடுகள். 1868-இல் ஊர் எரிந்துபோன பிறகு கல்லால் திரும்பக் கட்டினார்கள்.

கேள்வி: வாடகைக் கடையில் மெழுகு பூசும் ஸ்கீ, செதில் போட்ட ஸ்கீ, தோல்பட்டை ஒட்டிய ஸ்கீ என்று மூன்று வகை காட்டுகிறார்கள். எதை எடுப்பது?

முதலில் ஏன் மூன்று வகை என்று பார்ப்போம். இரண்டு காலையும் இணையாக வைத்துப் போவதற்கான கிளாசிக் ஸ்கீ நடுவில் வில்போல வளைந்திருக்கும். இரண்டு காலிலும் சமமாக நின்று சறுக்கும்போது நடுப்பகுதி பனியைத் தொடாது. ஒற்றைக் காலில் எடையை இறக்கி உதைக்கும்போது தொட்டுப் பிடிக்கும். அந்தப் பிடிமானம் எதிலிருந்து வருகிறது என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன.

செதில் ஸ்கீயில் அடிப்பக்கத்திலேயே மீன்செதில் போன்ற வெட்டுகள் இருக்கும். பராமரிப்பு குறைவு, ஈரப்பனியிலும் ஓரளவு பிடிக்கும். ஆனால் இறுகி உறைந்த தடத்தில் நழுவும், சறுக்கும்போது கரகரவென்று சத்தம் போடும், வேகமும் குறையும். தோல்பட்டை ஸ்கீயில் மோஹேர் எனப்படும் ஆட்டுமுடியால் ஆன சிறு பட்டை ஒட்டியிருக்கும். முடி பின்னோக்கிப் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். இறுகிய தடத்தில் செதிலைவிட இது மேல். மெழுகு ஸ்கீயில் நடுப்பகுதியில் பூசும் மெழுகுதான் பிடிக்கும். குளிர்ந்த, காய்ந்த பனியில் அது மற்ற இரண்டையும் தோற்கடிக்கும். ஆனால் பனியின் வெப்பநிலை மாறும்போதெல்லாம் மெழுகையும் மாற்ற வேண்டும்.

ஊருக்கு ஊர் போகும் பயணத்துக்குத் தோல்பட்டை ஸ்கீயைத்தான் சொல்வோம். ஒரே நாளில் நிழலும் வெயிலும் மாறிமாறி வரும் பள்ளத்தாக்கில் அது எல்லாவற்றையும் சமாளிக்கும். அதற்குப் பிடிக்காத ஒரே நிலை பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் விழும் புதுப்பனி. பட்டை ஈரத்தை உறிஞ்சி, நிழலுக்குள் போனதும் உறைந்து, பனிக்கட்டியாகக் கட்டிக்கொள்ளும். காலையிலேயே பட்டைக்கான நீர்விலக்கித் திரவத்தை முடி படிந்த திசையில் தடவிக் காயவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். வழியில் கட்டிக்கொண்டால் பிளாஸ்டிக் அட்டையால் முன்னிருந்து பின்னாகச் சுரண்டுங்கள். பட்டையின்மேல் மெழுகு பூசுவதோ, சூடான இஸ்திரிப்பெட்டி வைப்பதோ கூடவே கூடாது. பசை இளகிப் பட்டை கழன்றுவிடும்.

கேள்வி: ஸ்கீயின் அளவு சரியா என்று கடையிலேயே சோதிக்க வழி உண்டா? என் உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

உயரத்தைவிட எடைதான் முக்கியம். உயரத்தோடு 15 முதல் 20 செ.மீ. கூட்டுவது தோராயக் கணக்கு மட்டுமே. அதே நீளத்தில் விறைப்பானதும் உண்டு, நெகிழ்வானதும் உண்டு.

சமமான தரையில் இரண்டு ஸ்கீயையும் வைத்து, பூட்ஸ் முனை நிற்க வேண்டிய இடத்தில் நில்லுங்கள். எடை இரண்டு காலிலும் சமமாக இருக்கட்டும். கடைக்காரரை ஒரு தாளைப் பாதத்துக்கு நேரே ஸ்கீயின் அடியில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குதிகாலிலிருந்து பாதத்துக்கு முன்னே 30 செ.மீ. வரை தாள் தடையில்லாமல் நகர வேண்டும். அடுத்து எடை முழுவதையும் ஒற்றைக் காலில் இறக்குங்கள். இப்போது தாள் அசையக்கூடாது. இரண்டு காலில் நிற்கும்போதே தாள் சிக்கினால் ஸ்கீ உங்களுக்கு மிருது. நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். ஒற்றைக் காலிலும் தாள் நகர்ந்தால் ஸ்கீ விறைப்பு. உதைக்கும்போதெல்லாம் பின்னுக்கு வழுக்கும். பலர் தங்கள் உதையில் குறை என்று நினைத்து வருந்துவது உண்மையில் இந்த இரண்டாவது கோளாறுதான். இருந்தால் மாற்றிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

கேள்வி: என்னிடம் சொந்தமாக மெழுகு ஸ்கீ இருக்கிறது. காலையில் பிடிப்பே இல்லாமல் வழுக்குகிறது. மென்மையான மெழுகு பூசினால் பத்து மணிக்குமேல் பனி உருண்டையாக ஒட்டிக்கொள்கிறது. எங்கே தப்பு?

தப்பு வரிசையில். பிடிப்பு போதவில்லை என்றதும் மென்மையான மெழுகுக்குத் தாவக்கூடாது. முதலில் அதே மெழுகை இன்னும் இரண்டு அடுக்கு பூசுங்கள். போதாவிட்டால் பூசும் பகுதியை முன்பக்கம் ஒரு சாண் நீட்டுங்கள். அதற்கும் பிடிக்கவில்லை என்றால் மட்டும் ஒரு படி மென்மையானதை எடுங்கள். ஒவ்வொரு அடுக்கையும் நகத்தால் கீறிய அளவுக்கு மெல்லியதாகப் பூசி, தக்கையால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். மெல்லிய நான்கு அடுக்கு தரும் பிடிப்பைத் தடித்த ஒரு அடுக்கு தராது. தடித்ததில் பனி ஒட்டுவதுதான் மிச்சம்.

பெரும்பாலான தயாரிப்பாளர்களின் நிறக்கணக்கு ஒன்றுபோலவே இருக்கும்: கடும் குளிருக்குப் பச்சை, சாதாரண உறைபனிக் குளிருக்கு நீலம், பூஜ்ஜியத்தை ஒட்டி ஊதா, அதற்குமேல் சிவப்பு. டப்பாவில் அச்சிட்ட எண்தான் கணக்கு, நிறம் வெறும் அடையாளம். உருகி மறுபடி உறைந்து கண்ணாடிச் சில்லுபோலான பனியில் இவை எதுவும் நிற்காது. அதற்குக் கிளிஸ்டர் என்ற குழைமெழுகு வேண்டும்.

கோம்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று கனமாகி ஆற்றுப்படுகையில் வந்து தேங்கும். ஊர் வெயில்படும் பக்கத்தில் இருக்கும், தடமோ கீழே நிழலில் ஓடும். விடுதி வாசலில் பார்த்த வெப்பநிலையை நம்பி மெழுகு பூசினால் ஆற்றங்கரையில் ஏமாந்துபோவீர்கள். பனியின் வெப்பத்தைத் தடத்திலேயே அளந்து, காலையில் அந்தக் குளிருக்கான மெழுகைப் பூசுங்கள். மென்மையானதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெயில் ஏறியதும் மேலே பூசலாம். கடினமான மெழுகின்மேல் மென்மையானது நிற்கும். மென்மையானதின்மேல் கடினமானது நிற்காது, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். ஆகவே கடினத்தில் தொடங்குவதே புத்தி.

கேள்வி: சால் (ஸ்கீ ஓடுவதற்காகப் பனியில் இணையாகப் போட்ட பள்ளம்) போட்ட தடத்தில் இறக்கம் வந்தால் பயமாக இருக்கிறது. பிரேக் பிடிப்பது எப்படி?

இறக்கம் தொடங்குமுன் முடிவெடுங்கள். நடுவழியில் எடுக்கும் முடிவுதான் விழ வைக்கிறது. மிதமான சரிவில் ஒரு காலைச் சாலிலேயே விட்டு, மற்றதை வெளியே எடுத்து, குதிகாலை வெளிப்புறம் தள்ளி உள்விளிம்பை அழுத்துங்கள். உடல் எடை சாலில் உள்ள காலின்மேலேயே இருக்க வேண்டும். செங்குத்தாகத் தெரிந்தால் மேலேயே நின்று இரண்டு காலையும் சாலிலிருந்து வெளியே எடுங்கள். முன்முனைகள் நெருங்கி, குதிகால்கள் அகன்று நிற்க, முழங்கால் மடக்கி இறங்குங்கள். அதுவும் முடியாது என்று தோன்றினால் ஸ்கீயைக் கழற்றி, தடத்துக்கு வெளியே ஓரமாக நடந்து இறங்குவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் உட்காருவதுபோல விழுங்கள். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். விழுந்த பிறகு உடனே தடத்தைவிட்டு விலக வேண்டும், மேலிருந்து அடுத்தவர் வந்துகொண்டிருப்பார்.

கேள்வி: மைனஸ் 10 டிகிரியில் என்ன உடுத்துவது? கனமான கோட்டு போதுமா?

கனமான கோட்டை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். கிராஸ்-கன்ட்ரி ஸ்கீயில் குளிரைவிட வியர்வைதான் எதிரி. நனைந்த உடையோடு ரயிலுக்காகக் கால்மணி நேரம் நின்றால் உடல் நடுங்கத் தொடங்கிவிடும். கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளாடை, அதன்மேல் காற்றுத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை. பருத்தி எங்கும் வேண்டாம். பையில் காய்ந்த பனியன் ஒன்று, இன்னொரு ஜோடி கையுறை, நிற்கும்போது போட்டுக்கொள்ள மெத்தென்ற சட்டை ஒன்று.

காற்றே வீசாத நாளிலும் நீங்கள் போகும் வேகமே காற்றாகும். மைனஸ் 10-இல் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் இறங்கினால் முகத்துக்கு அது மைனஸ் 18 போல. மூக்கு நுனியிலும் கன்னத்திலும் தோல் உறையத் தொடங்கியதைக் காட்டும் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். தெரிந்தால் சூடான உள்ளங்கையை வைத்து மூடுங்கள், தேய்க்காதீர்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், வெதுவெதுப்பாக. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்தும் சுடும் என்பதால் தாடைக்கு அடியிலும் களிம்பு பூசுங்கள்.

கேள்வி: நாங்கள் மலை ஏறப்போவதில்லை, பள்ளத்தாக்கின் அடியில்தான் போகிறோம். பனிச்சரிவு பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். 1970 பிப்ரவரி 24 அதிகாலையில் ரெக்கிங்கெனில் பனிச்சரிவு பள்ளத்தாக்கின் அடிவரை வந்து 30 பேரின் உயிரைக் குடித்தது. சரிவு தொடங்குவது உயரே, வந்து நிற்பது கீழே.

டாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப். என்ற பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்குப் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. காலை 8 மணிக்கு அதைப் புதுப்பிக்கிறது. அபாயம் ஐந்து படிகளாகச் சொல்லப்படும். பெரும்பனி விழுந்த மறுநாள் தடத்தின் சில பகுதிகளை மூடுவார்கள். மூடிய பலகை இருந்தால் அதைத் தாண்டிப் போகவே கூடாது, முன்னே யாரோ போன சுவடு தெரிந்தாலும். மூடிய பகுதியை ரயிலில் தாண்டி, அடுத்த ஊரிலிருந்து தொடருங்கள். ரயிலும் நின்றிருந்தால் அன்று ஊரிலேயே இருங்கள். திறந்த தடத்திலும் பக்கவாட்டு ஓடைகள் வந்து சேரும் வாய்களில் நின்று படமெடுப்பது, சாப்பிடுவது வேண்டாம். அவசரத்துக்கு 112. வாலிஸில் ஆம்புலன்ஸுக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் 144.

கேள்வி: தடத்தில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள் என்ன?

இரண்டு ஜோடிச் சால் இருந்தால் வலப்பக்கத்தில் போங்கள். எதிரே ஒருவர் வந்தால் இருவரும் தத்தம் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஏறுபவர் இறங்குபவருக்கு வழிவிட வேண்டும். ஆளை நெருங்கும்போது கோலை உடலோடு ஒட்டிப் பிடியுங்கள், முனை கூர்மையானது. ஸ்கேட்டிங் (ஸ்கீயைப் பக்கவாட்டில் உதைத்துப் போகும் முறை) செய்பவர்கள் சால்களை மிதிக்கக்கூடாது. நடப்பவர்களுக்குத் தனிப்பாதை உண்டு. ஒரே ஒரு காலடிக் குழி இரவில் உறைந்து மறுநாள் யாருடைய ஸ்கீ முனையையாவது திருப்பிவிடும். தடத்துக்கான கட்டணச் சீட்டை வாங்கிவிடுங்கள். இரவெல்லாம் வண்டி ஓட்டிப் பனியை அழுத்திச் சால் போடும் செலவு அதிலிருந்துதான் வருகிறது.

கேள்வி: நண்பரின் பூட்ஸ் என் ஸ்கீயில் மாட்ட மறுக்கிறது. ஏன்?

அடிப்பாகத்தைப் பாருங்கள். பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் முறைகள் பல. என்.என்.என்., புரோலிங்க், டர்னமிக் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும். பழைய எஸ்.என்.எஸ். பூட்ஸ் இவை எதிலும் பொருந்தாது. பொருந்தும் வகையாக இருந்தும் மாட்டவில்லை என்றால், பூட்ஸ் முனையில் உள்ள கம்பிக்குப் பின்னால் பனி அடைத்திருக்கும். கோல் முனையால் குத்தி எடுத்தால் போதும். சாலையைக் கடக்கும்போது ஸ்கீயைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பனி வழுக்காமல் இருக்கத் தூவிய சரளைக்கல் ஸ்கீயின் அடியைக் கீறிவிடும்.