நாற்பத்திரண்டாம் பூத்

அன்புள்ள ஐயா,

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. அரசியலைத் தொடர்ந்து கவனிப்பவன், அவ்வளவுதான். காங்கிரஸ் 2014இல் 44 இடம், 2019இல் 52 இடம் என்று சுருங்கியது. ராகுல் விலகினார். மூன்று வருட இழுபறிக்குப் பின் 2022 அக்டோபரில் தேர்தல் நடத்தி, எண்பது வயது கார்கேயைத் தலைவராக்கினார்கள். 2024இல் 99 இடம் கிடைத்தது. அவரை எதிர்த்து நின்ற சசி தரூர் வந்திருந்தால் இன்னும் கூடியிருக்காதா? தோற்ற கட்சிக்குப் புதிய முகம் வேண்டாமா? இன்னொரு காமராஜர் திட்டம் கொண்டுவந்து நல்ல தலைவரைக் கண்டுபிடித்தால் என்ன?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லையென்றால் ‘முகம்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே மூடி வைத்திருப்பேன்.

தரூர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கார்கேயின் வயதையும் விடுங்கள், நாம் என்ன மாப்பிள்ளையா பார்க்கிறோம்?

காமராஜர் திட்டத்தை மட்டும் கொஞ்சம் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். 1963இல் மூன்று மக்களவை இடைத்தேர்தல்களில் காங்கிரஸ் அடி வாங்கியது. அவர் சொன்ன மருந்து புதுத் தலைவர் அல்ல. பதவியில் இருப்பவர்கள் இறங்கிக் கட்சி வேலைக்குப் போகட்டும் என்றார். அக்டோபர் 2ஆம் தேதி தானே முதலமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கினார். ஆறு மத்திய அமைச்சர்கள், அவரையும் சேர்த்து ஆறு முதல்வர்கள்! இன்று ஒரு வார்டு கவுன்சிலரை இறக்கிப் பாருங்கள். இருந்தும் 1967இல் சொந்த ஊரான விருதுநகரில், ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அரிசிப் பஞ்சம், இந்தி எதிர்ப்பு எல்லாம் காரணம்தான், மறுக்கவில்லை. என் சந்தேகம் வேறு. மேலே இருந்தவர்கள் இறங்கி வந்தார்கள், சரி. கீழே ஏற்கனவே நின்றுகொண்டிருந்தவன் வாயைத் திறக்க விட்டார்களா?

அப்பா முப்பது வருடம் ஒரு கட்சிக்குப் பூத் ஏஜென்ட். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், இன்னும் இருக்கிறது. அந்த வேலை என்னவென்று தெரியுமா உங்களுக்கு? வாக்காளர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, அதிகாரி வரிசை எண்ணைப் படிக்கப் படிக்க, வந்தவர் பெயரில் கோடு இழுக்க வேண்டும். அப்பா கோட்டோடு விடமாட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பக்கத்திலேயே பென்சிலால் பொடியாக எழுதுவார். ‘மூன்று தடவை போய்க் கூப்பிட்டும் வரவில்லை.’ ‘ரேஷன் கார்டுக்கு நம்ம ஆளே காசு கேட்டிருக்கிறான்.’ ‘கும்பிட்டார், முகத்தைப் பார்க்கவில்லை.’ இந்தக் கடைசிக் குறிப்பு ஒரே பக்கத்தில் பதினோரு இடத்தில் இருக்கிறது. ஓட்டு எண்ணும் முன்பே அவருக்கு முடிவு தெரிந்துவிட்டது.

அந்தத் தடவை கட்சிக்குப் படுதோல்வி. ஆய்வு செய்ய மேலிடப் பார்வையாளர் வந்து லாட்ஜில் தங்கினார். எனக்குப் பன்னிரண்டு வயது. பட்டியலைச் சுமந்துகொண்டு கூடப் போனேன். காரில் வந்தவர்கள் முதலில் உள்ளே போனார்கள். அடுத்த மாவட்டத் தலைவர் யார் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு பேச்சில்லை. எங்களைக் கூப்பிடும்போது இரவு பதினொன்று. பார்வையாளர் பட்டியலைக் கையில்கூட வாங்கவில்லை. “நீங்க யார் பக்கம், அதைச் சொல்லுங்க” என்றார்.

அப்பா, “நான் நாற்பத்திரண்டாம் பூத்துங்க” என்றார்.

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். பெரிய நகைச்சுவை என்று நினைத்து நானும் சிரித்தேன்.

2022 கட்சித் தலைவர் தேர்தலுக்கு வருகிறேன். ஓட்டுச்சீட்டில் ‘1’ என்று எழுதச் சொன்னார்கள். குழப்பம் வரும் என்று தரூர் தரப்பு ஆட்சேபித்தது, டிக் போடலாம் என்று மாற்றினார்கள். எண்ணும் முன் எல்லா மாநிலச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்தார்கள், எந்த மாநிலம் யாருக்குப் போட்டது என்று தெரியக்கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான். சொந்தக் கட்சிக்காரனிடமிருந்தே ஓட்டுப் போட்டவனைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறதே என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கார்கேக்கு 7,897, தரூருக்கு 1,072, செல்லாதவை 416. ஆக 9,385 பிரதிநிதிகள். இதில் ஒரு நாள் முழுக்கப் பூத்தில் உட்கார்ந்து, தெரிந்த முகங்கள் தன்னைப் பார்க்காமல் கடந்துபோனதைக் கண்டவர்கள் எத்தனை பேர்? தோல்வி அவர்களிடம்தானே இருக்கிறது? டெல்லியில் உட்கார்ந்து அதை எங்கே தேடுவது? ஒன்றா டிக்கா என்று அத்தனை கவனமாகச் சண்டை போட்டவர்களில் ஒருவராவது அந்தப் பட்டியலை வாங்கிப் புரட்டியிருப்பாரா?

நீங்களும் அந்தப் பார்வையாளர் மாதிரியேதான் கேட்கிறீர்கள், க. யார் பக்கம், எந்த முகம். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதில் நானும், “தலைவரை மாத்துங்கப்பா, எல்லாம் சரியாயிடும்” என்று அப்பாவிடம் கத்தியிருக்கிறேன். அவர் நிமிரக்கூட இல்லை. புதுப் பட்டியல் வந்திருந்தது. இறந்துபோனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார்.

பெட்டியில் ஏழு பட்டியல்கள் இருக்கின்றன. இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். பென்சில் எழுத்து மங்கிவிட்டது, பகலிலேயே வாருங்கள்.