ஜூனில் ஆலிவ் அறுவடையா? சிசிலி போகிறவர்கள் முன்பணம் கட்டும் முன்

கேள்வி: ஜூன் இரண்டாம் வாரம் கணவர், 68 வயது மாமியார், 10 வயது மகன் என்று நான்கு பேர் ஏழு நாள் இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போகிறோம். "அக்ரிஜெந்தோவின் பழைய கிரேக்கக் கோயில்கள், ஆலிவ் அறுவடை, ப்ரொன்தே பிஸ்தா தோட்டம், மூன்றும் ஒரே நாளில்" என்று ஏஜென்ட் ஒருவர் பேக்கேஜ் சொல்கிறார். கார் நாங்களே ஓட்டினாலும் இந்திய லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் அதுவே போதும் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டவும் வேண்டாம். சிசிலியில் ஆலிவ் பறிப்பது அக்டோபர், நவம்பரில். ஜூனில் பூ உதிர்ந்து, மிளகைவிடச் சற்றுப் பெரிய பச்சைப் பிஞ்சுதான் கிளையில் இருக்கும். எண்ணெய் ஆலையில் இயந்திரங்களைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருப்பார்கள். அந்த மாதத்தில் "அறுவடை அனுபவம்" விற்கிறவருக்கு ஆலிவ் மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

பிஸ்தா இன்னும் மோசம். ப்ரொன்தே ஊர் எட்னா எரிமலையின் மேற்குச் சரிவில், எரிமலைக் குழம்பு இறுகிய பாறைக்கு நடுவே இருக்கிறது. அங்கே மரத்தை ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் காய்க்க விடுவார்கள். இரட்டைப்படை ஆண்டில் மொட்டுகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஒற்றைப்படை ஆண்டில் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் பறிப்பார்கள். அக்ரிஜெந்தோவிலிருந்து அந்த மலைச்சாலையில் போய்ச் சேர இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. வயதானவரை ஜூன் வெயிலில் அவ்வளவு தூரம் உட்கார வைத்துக் கூட்டிப்போய்ப் பார்ப்பது ஒரு கடையாகத்தான் இருக்கும். ப்ரொன்தே என்று பெயர் போட்ட பச்சை க்ரீம் டப்பாக்களை விற்கிற கடை. அந்த க்ரீமில் பாதிக்கு மேல் சர்க்கரையும் வேறு எண்ணெயுமாக இருக்கலாம். டப்பாவின் பின்பக்கம் பிஸ்தா எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும், அதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். 'டி.ஓ.பி.' என்பது அசல் ஊர் விளைச்சல் என்று உறுதி சொல்கிற ஐரோப்பிய முத்திரை. அது பருப்புக்குத்தான், க்ரீமுக்கு அல்ல.

ஜூனில் பார்க்க வேறு இருக்கிறது. தீவின் நடுப்பகுதியில், என்னா மலைகளைச் சுற்றி, பாஸ்தாவுக்கான கெட்டிக் கோதுமையை அப்போதுதான் அறுக்கிறார்கள். பியாட்சா அர்மெரினாவின் ரோமானிய மாளிகைக்குப் போகிற வழியெல்லாம் அந்த வயல்கள்தான். மாளிகையின் தரையில் 3,500 சதுர மீட்டருக்குப் பதித்த கல்லோவியங்கள் இருக்கின்றன. மேலே கூரையும் நடைபாலமும் போட்டிருப்பதால் உங்கள் மகனுக்கும் மாமியாருக்கும் நல்ல இடம். ஆலிவ் பார்த்தே ஆக வேண்டுமென்றால் செலினுந்தே கோயில்களுக்குப் பக்கத்தில் காஸ்தெல்வெத்ரானோ இருக்கிறது. பெரிய காய் காய்க்கிற நொச்செல்லாரா ரகத்தின் ஊர். போன அக்டோபரில் எடுத்த எண்ணெயைச் சின்னக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். உள்ளங்கையால் மூடிச் சூடேற்றி, முகர்ந்துவிட்டு ஒரு வாய் குடித்தால் முதலில் லேசாகக் கசக்கும், பிறகு தொண்டையில் மிளகுபோல் பிடித்து இருமல் வரும். அந்த இருமல்தான் நல்ல எண்ணெய்க்கு அடையாளம். வழவழவென்று சத்தமில்லாமல் இறங்கினால் பழைய எண்ணெயாக இருக்கலாம்.

அக்ரிஜெந்தோவுக்கு அரை நாள் போதும், ஆனால் காலை அரை நாள். இரண்டு வாசல்கள் உண்டு. ஜூனோ கோயில் வாசல் கிழக்கே மேட்டில். 'போர்த்தா க்வின்தா' வாசல் மேற்கே பள்ளத்தில். காரைக் கீழே நிறுத்திவிட்டு டாக்சியில் மேட்டு வாசலுக்குப் போங்கள். அங்கிருந்து கொன்கோர்தியா, ஹெராக்ளிஸ், ஒலிம்பிய ஜீயஸ் என்று இறங்கிக்கொண்டே வந்தால் உங்கள் காரிலேயே வந்து முடியும். பலரும் தலைகீழாகச் செய்து பதினொரு மணி வெயிலில் மேடேறுகிறார்கள். கொன்கோர்தியா கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கோயில். பின்னால் அதை மாதாகோயிலாக மாற்றியதால்தான் தூண்கள் இவ்வளவு முழுசாக நிற்கின்றன. கீழ்வாசல் பக்கம் கொலிம்பெத்ரா தோட்டம் இருக்கிறது: ஐந்து ஹெக்டேரில் எலுமிச்சை, ஆரஞ்சு, ஆலிவ், பாறையைக் குடைந்த பழைய நீர்ச்சுரங்கங்கள். பேக்கேஜில் வருகிற எந்தத் தோட்டத்தையும்விட இதுதான் உண்மையான தோட்டம். தனிக் கட்டணம் உண்டு. படியில் இறங்கி ஏற வேண்டும், மாமியாரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

இனி லைசென்ஸ். இந்திய லைசென்ஸ் மட்டும் இத்தாலியில் போதாது. கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். கார் கம்பெனிக்காரர் அது இல்லாமலும் சாவியைக் கொடுத்துவிடலாம். வழியில் போலீஸ் நிறுத்தினால் 400 யூரோவுக்கு மேல் அபராதம், விபத்தென்றால் காப்பீட்டிலும் தகராறு. உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் படிவம் 4ஏ கொடுத்து 1,000 ரூபாய் கட்டினால் கிடைக்கும், ஓராண்டு செல்லும். வலைத்தளத்தில் "மூன்று வருட இன்டர்நேஷனல் லைசென்ஸ், இரண்டு மணி நேரத்தில் பி.டி.எஃப்." என்று விற்பது வெறும் காகிதம். 1,000 ரூபாயில் முடிகிற வேலைக்கு ஆபீஸ் வாசலில் நிற்கிற புரோக்கர் 5,000 கேட்டால், கொடுத்துப் பழக்காதீர்கள். இன்னொன்று: நம்மூர் இனிஷியல். லைசென்சில் 'எஸ். குமார்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கிரெடிட் கார்டில் வேறு மாதிரி என்றால் கவுன்டரில் சிக்கல். கார்டு ஓட்டுகிறவர் பெயரில் இருக்க வேண்டும், முன்வைப்புத் தொகையை அதில்தான் பிடித்துவைப்பார்கள். டெபிட் கார்டைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். ஆட்டோமேட்டிக் கார் குறைவு, இப்போதே பதிவு செய்யுங்கள்.

பணம் உண்மையில் கரைவது இசட்.டி.எல். என்கிற இடத்தில். பழைய ஊர்களின் மையத்தில் வெளியார் வண்டி நுழையக் கூடாத பகுதி அது. தடுப்பு கிடையாது, போலீஸ்காரர் கிடையாது, கேமரா மட்டும். சிவப்பு வளையத்துக்குள் வெள்ளை வட்டப் பலகை இருக்கும். அதன் மேல் மின்பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று எரிந்தால் "வழி திறந்திருக்கிறது" என்று நினைத்துப் போகிறார்கள். அர்த்தம் நேர் எதிர்: கேமரா வேலை செய்கிறது, நுழையாதே. 'நோன் அத்தீவோ' என்றால்தான் போகலாம். அபராதம் 83 யூரோவில் தொடங்கும். மூன்று முறை நுழைந்தால் மூன்று அபராதம். உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்குக் கார் கம்பெனி தனியாக ஒரு தொகை பிடிக்கும். வெளிநாட்டவருக்கு நோட்டீஸ் அனுப்பச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. ஊருக்கு ஊர் வேறு நேரம், எச்சரிக்கை இத்தாலிய மொழியில், நோட்டீஸ் அடுத்த வருஷம். பயணிகளை நம்பிப் பிழைக்கிற ஊர்கள் பயணிக்குப் புரிகிற மாதிரி ஒரு பலகை வைக்கலாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதிலும் தவறு நடக்கிறது. உங்கள் ஹோட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால், பல ஊர்களில் அவர்களே உங்கள் வண்டி எண்ணை நகராட்சியில் பதிந்து விலக்கு வாங்கித் தருவார்கள். அறை பதிவு செய்ததால் தானாக நடக்காது, கேட்க வேண்டும். காரைக் கையில் வாங்கிய பிறகுதான் எண் தெரியும், ஆகவே அன்றே அனுப்புங்கள். நடுவில் வண்டியை மாற்றிக் கொடுத்தால் புது எண்ணை மறுபடி அனுப்புங்கள். "பதிந்துவிட்டோம்" என்ற பதிலை எழுத்தில் வாங்கி ஒரு வருஷம் வைத்திருங்கள். பெரும்பாலும் பெட்டி இறக்கி ஏற்றிப் போகத்தான் இந்த விலக்கு, ஊரைச் சுற்ற அல்ல. இத்தனை தலைவலி எதற்கு? சிசிலியின் தலைநகர் பலேர்மோவில் இருக்கும் நாட்களில் கார் எடுக்காதீர்கள். ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் எடுங்கள், அக்ரிஜெந்தோவில் ஊருக்கு வெளியே பண்ணையில் தங்குங்கள்.

பண்ணைவிடுதிக்கு அங்கே 'அக்ரிதுரிஸ்மோ' என்று பெயர். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது விவசாயி நடத்துவதாக, விவசாயமே முதல் வேலையாக இருக்க வேண்டும். நீச்சல்குளத்தோரம் நாலு ஆலிவ் மரம் நட்ட பங்களாக்களும் அந்தப் பெயரில் விற்கின்றன. 2025 முதல் தங்குமிடங்கள் எல்லாமே தேசிய அடையாள எண்ணை விளம்பரத்தில் காட்ட வேண்டும். அது இல்லாத இடத்தை விட்டுவிடுங்கள். எண் இருந்தாலும் அது பண்ணை என்று ஆகிவிடாது. அதற்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, "நாங்கள் வருகிற வாரம் உங்கள் நிலத்தில் என்ன வேலை நடக்கும்?" என்று கேளுங்கள். "கோதுமை அறுப்பு, ஆலிவில் ஒன்றுமில்லை, போன வருஷத்து எண்ணெய் தருகிறோம்" என்று பதில் வந்தால் பணம் கட்டலாம். சைவமென்றால் அதே கடிதத்தில் எழுதுங்கள், 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் எழுதாதீர்கள். அங்கே நெத்திலிக் கருவாட்டை யாரும் இறைச்சியாக நினைப்பதில்லை, காய்கறிப் பாஸ்தாவிலும் போடுவார்கள். மீன், நெத்திலி இரண்டும் வேண்டாம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.