இரட்டையர் டென்னிஸ்: மெல்போர்ன் 2024 இறுதியாட்டத்தை ஒட்டி எழுந்த கேள்விகளும் பதில்களும்

2024 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் ஆடவர் இரட்டையர் இறுதியாட்டத்தில் இந்தியாவின் ரோகன் போபண்ணா – ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டன் ஜோடி, இத்தாலியின் சிமோனே பொலேல்லி – ஆந்திரியா வவசோரி ஜோடியை 7-6 (0), 7-5 என்று வென்றது. போபண்ணாவுக்கு அப்போது வயது 43.

கேள்வி: 7-6 (0) என்றால் டை-பிரேக்கில் எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லையா? இது அடிக்கடி நடக்குமா?

ஆமாம். செட் 6-6 ஆனால் அதை முடிக்க ஆடும் ஏழு புள்ளி ஆட்டம்தான் டை-பிரேக்; இங்கே அது 7-0. ஆடவர் இரட்டையரில் இது அபூர்வம். ஏன் என்று சர்வ் வரிசையைப் பார்த்தால் புரியும். செட்டின் முதல் கேமில் சர்வ் போட்டவரே டை-பிரேக்கையும் தொடங்குவார். 12 கேம் முடிந்தால் நான்கு பேருக்கும் மும்மூன்று கேம் ஆகியிருக்கும், மறுபடி அவர் முறைதான். அவருக்கு ஒரே ஒரு சர்வ், வலப்பக்கத்திலிருந்து. அதன்பின் எதிரணியில் ஒருவருக்கு இரண்டு, தொடங்கியவரின் ஜோடிக்கு இரண்டு, எதிரணியின் இன்னொருவருக்கு இரண்டு. ஒவ்வொருவரும் தம் இரண்டில் முதலாவதை இடப்பக்கத்திலிருந்து போடுவார்கள்.

இப்போது எண்ணுங்கள். 7-0 வாங்கிய ஜோடி முதலில் சர்வ் போட்டிருந்தால் தோற்றவர்கள் தம் சர்விலேயே 4 புள்ளி விட்டிருக்கிறார்கள். எதிரணி தொடங்கியிருந்தால் 3 புள்ளி. ஒரு புள்ளி போனாலே டை-பிரேக் கைநழுவும் ஆட்டம் இது. 12 கேம் சரிக்குச் சரி நின்றவர்கள் ஏழு புள்ளியில் உதிர்ந்தார்கள்.

கேள்வி: சென்னை ஓபனில் பார்த்தபோது மூன்றாவது செட்டே ஆடவில்லை, நேராக 10 புள்ளி டை-பிரேக். மெல்போர்னில் முழு செட் ஆடினார்களே?

இரண்டுக்கும் விதி வேறு. ஏடிபி (ஆடவர் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) தொடர்களில் 40-40 ஆனால் அட்வான்டேஜ் (அடுத்தடுத்து இரண்டு புள்ளி எடுத்தாக வேண்டும் என்ற விதி) கிடையாது, ஒரே புள்ளியில் கேம் முடியும். எந்தப் பக்கத்தில் அந்த சர்வை வாங்குவது என்று ரிட்டர்ன் ஜோடி முடிவுசெய்யலாம். ஆனால் இருவரும் இடம் மாறிக்கொள்ளக் கூடாது. செட் 1-1 ஆனால் 10 புள்ளி டை-பிரேக், இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். போபண்ணாவும் நம் சென்னைக்காரர் ஜீவன் நெடுஞ்செழியனும் 2017-ல் சென்னை ஓபனை வென்றது இந்த விதிகளின்கீழ்தான்.

மெல்போர்ன் போன்ற கிராண்ட்ஸ்லாமில் ஆடவர் இரட்டையருக்கு அட்வான்டேஜ் உண்டு, மூன்றாவது செட்டும் உண்டு. அந்த செட் 6-6 ஆனால்தான் 10 புள்ளி டை-பிரேக். போபண்ணா ஜோடி முதல் சுற்றிலும் அரையிறுதியிலும் இப்படித்தான் தப்பியது. விம்பிள்டன் மட்டும் 2022 வரை ஐந்து செட் வைத்திருந்தது. 2023 முதல் அங்கும் மூன்றுதான்.

கேள்வி: ஒற்றையர் ஆடுபவர்கள் கிராண்ட்ஸ்லாம் இரட்டையருக்குள் எப்படி வருகிறார்கள்?

64 ஜோடி, 16 ஜோடிகளுக்குத் தரவரிசை இடம் (சீடிங்: பலமான ஜோடிகள் தொடக்கத்திலேயே மோதாதபடி பிரித்து வைப்பது), ஆறு சுற்று. இருவரின் ரேங்கையும் கூட்டி, குறைந்த எண் உள்ளவர்களை முதலில் சேர்ப்பார்கள். நுழைவுக்கு ஒற்றையர், இரட்டையர் ரேங்கில் எது நல்லதோ அதைக் காட்டலாம். இரட்டையரில் 150-ஆவது இடம், ஒற்றையரில் 30 என்றால் 30-ஐ வைத்துப் பெயர் கொடுக்கலாம். ஆனால் அந்த 16 இடங்களுக்கு இரட்டையர் ரேங்க் மட்டுமே கணக்கு. அதனால் பலமான ஒற்றையர் ஆட்டக்காரர்கள் தரவரிசை இடம் இல்லாமல் வந்து, முதல் சுற்றிலேயேகூடப் பெரிய ஜோடியோடு மோதலாம். அரையிறுதியில் போபண்ணா ஜோடியைக் கடைசிவரை இழுத்த ஜாங் ஜிஜென் – தொமாஸ் மகாச் ஜோடி அந்த ரகம்.

கேள்வி: ஜோடி சர்வ் போடும்போது நெட் அருகே நிற்கும் ஆள் நடுவில் குந்தி உட்காருகிறாரே, அதை நாங்கள் கிளப்பில் முயன்றால் சொதப்புகிறது.

அதற்கு ஐ-ஃபார்மேஷன் என்று பெயர். நெட்டின் நடு உயரம் 91.4 செ.மீ. நெட் ஆள் நடுக்கோட்டின் மேல், தலை அந்த உயரத்துக்குக் கீழே இருக்கும்படி குந்த வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் ஜோடியின் சர்வ் பிடரியில் விழும். சர்வ் போடுபவர் பேஸ்லைனில் நடுக்குறிக்கு ஒட்டி நிற்பார். எந்தப் பக்கம் பாய்வது என்பதை நெட் ஆள் முதுகுக்குப் பின்னால் விரலால் காட்டுவார், மற்றவர் எதிர்ப்பக்கம் ஓடுவார். சர்வை நடுக்கோட்டை ஒட்டிப் போடுங்கள். வெளிப்பக்கம் போட்டால் எதிராளிக்குக் கோணம் கிடைத்து, நீங்கள் விட்டுவந்த ஓரத்தில் அடித்துவிடுவார்.

சொதப்பல் பெரும்பாலும் மூன்று இடத்தில். எதிராளி ராக்கெட்டைப் பின்னுக்கு இழுக்கும்போதே நெட் ஆள் கிளம்பிவிடுவது: அவர் முன்னால் வீசத் தொடங்கும் கணத்தில்தான் கிளம்ப வேண்டும். பக்கவாட்டில் ஓடுவது: நெட்டை நோக்கிக் குறுக்காகப் போனால்தான் பந்தை மேலிருந்து அடிக்கலாம். மூன்றாவது, இரண்டாவது சர்விலும் இதையே செய்வது. மெதுவான சர்வுக்கு எதிராளி நெட் ஆளின் தலைக்கு மேல் பந்தை உயரமாகத் தூக்கி (லாப்) அடித்துவிடுவார். முதல் சர்வ் பாதிக்கு மேல் உள்ளே விழாத ஜோடிக்கு இந்த வித்தை வேண்டாம் என்பேன்.

கேள்வி: சர்வ் ஜோடியின் மேல் பட்டால்?

சொந்த ஜோடி மேல் பட்டால் ஃபால்ட் (தவறான சர்வ்), அது முதல் சர்வ் என்றால் இரண்டாவது உண்டு. பந்து தரையில் படுமுன் ரிட்டர்ன் ஆளின் ஜோடிமேல் பட்டால் புள்ளி சர்வ் போட்டவர்களுக்கு. ஒரே பந்தை இருவரும் அடித்தால் புள்ளி போச்சு. ராக்கெட்டுகள் மோதி, பந்தில் ஒன்று மட்டும் பட்டால் தப்பில்லை.

கேள்வி: கோர்ட் அகலமாவதால் சர்வ் கட்டமும் பெரிதாகுமா?

ஆகாது. ஒற்றையரின் 8.23 மீட்டர் அகலம் இரட்டையரில் 10.97 ஆவது ஓரங்களில் மட்டுமே.

கேள்வி: தப்பான ஆள் சர்வ் போட்டுவிட்டார், பாதி கேமில் தெரிந்தது. என்ன செய்வது?

தெரிந்த நொடியில் சரியான ஆள் தொடர வேண்டும், எடுத்த புள்ளிகள் அப்படியே நிற்கும். கேம் முடிந்தபின் தெரிந்தால் மாறிய வரிசையே அந்த செட் முழுக்கத் தொடரும். ரிட்டர்ன் வரிசை மாறியிருந்தால் கணக்கு வேறு: அந்த கேமை அப்படியே முடித்துவிட்டு, அடுத்து ரிட்டர்ன் வரும் கேமில் பழைய வரிசைக்குத் திரும்புங்கள். கிளப்களில் சண்டை வருவது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான்.