கோயில், கடை, கல்லூரி: மூன்றுக்கும் என்ன தொடர்பு?

விருதுநகர்ப் பக்கம் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்: மகமை. நாடார் வணிகர்கள் தாங்கள் வாங்கி விற்கும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்கு ஒதுக்கிவந்தார்கள், அதுதான் மகமை. மற்ற கோயில்களில் நுழையவிடாத காலம் அது, அதனால் அந்தக் காசில் தங்களுக்கென்று கோயில் கட்டினார்கள், பேட்டை (சரக்கோடு வண்டிகள் பத்திரமாகத் தங்கும் இடம்) அமைத்தார்கள், அப்புறம் பள்ளிக்கூடமும் வந்தது.

காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலை அப்படி வந்ததுதான். வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடத்தினதால் அதைப் 'பிடி அரிசிப் பள்ளிக்கூடம்' என்றே சொல்வார்கள். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி (இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி), 1947இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி.

படிப்பு வந்தால் தொழில் வளரும் என்று பலர் சொல்வார்கள். இங்கே வரிசை தலைகீழ், கடைதான் முதலில் வந்தது, கல்லூரி கடைசியில். கடையையும் கல்லூரியையும் இணைத்தது சாமி பேரில் எடுத்துவைத்த அந்த மகமைக் காசு. யாராலும் மறுக்க முடியாத வரி அது, ஏனென்றால் அதைக் கொடுக்காதவனை ஊரே கேட்கும்! சரி, சாதிக்குள்ளேயே சுற்றிய பணம்தானே என்றால், ஆமாம், பெருமளவு அப்படித்தான். ஆனால் அந்தப் பள்ளி, கல்லூரிகளில் இன்று எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.