கோடு ஓடிய புளியங்கட்டையும் வான்கோழிக் குரலும்

மரவேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புயலில் சாய்ந்த எங்கள் புளியமரத்தின் அடிக்கட்டை ஒரு மழைக்காலம் முழுவதும் தோட்டத்தில் கிடந்தது. அறுத்தபோது வெள்ளைப் பகுதியெங்கும் மையால் வரைந்தாற்போல் கருங்கோடுகள் தெரிந்தன. அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர், வான்கோழி வேட்டைக்காரர்களுக்கான குரல் கருவிகளைக் கையால் செய்கிறார். இத்தகைய மரத்தை ‘ஸ்பால்டட்’ மரம் என்று சொல்லி விரும்பிக் கேட்கிறார். கடைசல் பட்டறை வைத்திருக்கும் நான் இதைக் கடைந்து அனுப்பலாமா? உளுத்த மரம் ஓசை தருமா?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கடைந்து அனுப்பலாம்; ஆனால் கருவியின் எந்த உறுப்புக்கு என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். நீங்கள் காணும் கோடுகள் பூஞ்சைகள் எழுப்பிய எல்லைச் சுவர்கள். ஒரே கட்டையில் குடியேறிய பூஞ்சைக் கூட்டங்கள் தத்தம் இடத்தைக் காத்துக்கொள்ள மெலனின் என்னும் கரும்பொருளைப் படியவைக்கின்றன. அறுத்த முகத்தில் அது கோடாகத் தெரிகிறது. கோட்டினால் மரம் கெடுவதில்லை. கோடுகளுக்கு இடையே வெளுத்திருக்கும் பகுதியில்தான், மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையும் செல்லுலோஸையும் பூஞ்சை தின்றிருக்கும். அங்கே கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் அந்தத் துண்டைக் கடைசலுக்கு எடுக்காதீர்கள். பதியாமலிருந்து, தட்டினால் கணீரென்று ஒலித்தால் எடுங்கள். புளி இயல்பிலேயே கெட்டியான மரமாதலால், மேப்பிள் போன்ற மரங்களைவிடக் கோடு விழுந்த பின்னும் அது உறுதியாக நிற்பது உங்களுக்குச் சாதகம்.

இளவேனிலில் ஆண் வான்கோழியை வரவழைக்க, பெட்டையின் குரலைப் போலச் செய்வதற்கே இக்கருவிகள் பயன்படுகின்றன. இவற்றுள் பெட்டி வடிவக் கருவிக்கு ஆர்கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897இல் காப்புரிமை பெற்றார். அதில் மெல்லிய பக்கப்பலகையின் விளிம்பில் மூடி உரசும்போது பலகையே அதிர்ந்து குரல் எழுப்புகிறது. பூஞ்சை தின்று மென்மையான பலகை அந்த அதிர்வை விழுங்கிவிடும் என்பதால், ஓசை தரும் பக்கப்பலகைகளுக்கு இம்மரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வட்டச் சட்டி போன்ற கருவியில் நிலைமை வேறு. அங்கே கோலால் உரசும்போது முதன்மையாக ஓசை எழுப்புவது மேலே பதித்த கற்பலகையோ கண்ணாடியோதான். மரச்சட்டி அதைத் தாங்கி, ஒலிக்கு அறையாக அமைகிறது. உங்கள் புளியங்கட்டைக்கு ஏற்ற இடம் அந்தச் சட்டி. உரசும் கோலின் நுனிக்கு மட்டும் ஹிக்கரி போன்ற கெட்டியான, பழுதற்ற மரம் வேண்டும். அழகு கருதிக் கோல் முழுவதையும் கோடு ஓடிய மரத்தில் கடைவோர் உண்டு. என் கருத்தில் அது ஓசையை விற்று ஓவியம் வாங்கும் வேலை. மெருகெண்ணெயை வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனெனில் உரசும் இடத்தில் எண்ணெய் பட்டால் பிடிப்புப் போய்க் குரல் வழுக்கிவிடும்.

உங்களுக்கு உண்மையான சோதனை ஈரத்தில்தான் இருக்கிறது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பூஞ்சையின் வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் கடைசலுக்கு அது போதாது. கடலூரின் கடற்காற்றில் உலர்ந்ததாகத் தோன்றும் கட்டை, வெப்பமூட்டிய அமெரிக்க வீட்டுக்குள் போனதும் மேலும் சுருங்கும். வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளிநோக்கி ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்பதால், வட்டமாகக் கடைந்த சட்டி முட்டை வடிவமாகிக் கற்பலகையை நெருக்கும் அல்லது கழற்றிவிடும். எனவே சுவரைத் தடிமனாக விட்டு முரட்டாகக் கடைந்து, சில மாதங்கள் உலரவைத்து அனுப்புங்கள். இறுதிக் கடைசலை மைத்துனர் தம் ஊரில் செய்துகொள்ளட்டும். சற்றே மென்மையான துண்டுகளை, முற்றிலும் உலர்த்திய பின் காற்றகற்றிய கலத்தில் ரெசின் என்னும் பிசினில் ஊறவைத்துச் சூடேற்றிக் கெட்டியாக்குவது அங்கே வழக்கம். புளியின் வெள்ளைப் பகுதியைத் துளைக்கும் வண்டுகள் விரும்புவதால், அனுப்புமுன் ஊசித்துளையும் மாவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மரப்பொருள் இறக்குமதி விதிகளை மைத்துனரை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இத்தகைய கோடுகளை வீட்டிலேயே வரவழைக்க முடியுமா? பூஞ்சை எங்கள் கதவு, கட்டில்களுக்குப் பரவுமா? தூசியால் உடலுக்குக் கெடுதியா?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முடியும். ஈரம் காயாத வெள்ளைக் கட்டையை, ஈரமான மரத்தூளும் மக்கிய இலையும் இட்ட மூடிய தொட்டியில் நிழலில் வைத்தால், நம் ஊர் வெப்பத்தில் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கோடுகள் தோன்றக்கூடும். அடிக்கடி திறந்து பாருங்கள். ஒரு மாதம் மறந்துவிட்டால் கோடுகளோடு மரமும் போய்விடும். உலர்ந்த கதவுக்கும் கட்டிலுக்கும் அச்சமில்லை, நீர் கசியும் சுவரையொட்டிய மரத்துக்கே ஆபத்து. தூசியைப் பொறுத்தவரை, சாதாரண மரத்தூளையே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பூஞ்சை ஏறிய மரத்தின் தூள் ஒவ்வாமையும் தரக்கூடும் என்பதால், துணியைக் கட்டிக்கொள்வது போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பது நல்லது.